பீன்ஸ் மலையில், ஆராய்ச்சி சமவெளியில்: பயறு ஆராய்ச்சி நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, விஞ்ஞானிகளே,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். மேல்மலை என்றால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், பூண்டி, கிளாவரை என்று போகிற பக்கம். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் விளைகிற ஊர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கத்தைக் கீழ்மலை என்போம். அங்கே காப்பி, மிளகு, மலைவாழை, அவரை, பட்டர் பீன்ஸ். நான் மேல்மலையில் பிறந்தவள், கீழ்மலையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் அலைந்து 29 வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். இப்போது பிறந்த ஊரிலேயே அண்ணன் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அமைச்சருக்கோ செயலாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பயிர், எந்த நிலம், எத்தனை ஆய்வு மாணவர் என்பதெல்லாம் முதலில் உங்கள் மேஜையில்தான் எழுதப்படுகிறது. பணம் கொடுக்கிறவர்கள் அதற்கு அப்புறம்தான் வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். புரதப் பயிர்களைப் பற்றி நீங்கள் எழுதப்போகிற அடுத்த திட்டத்தில் ஒரு முனைவர் பட்ட இடத்தை மலைக்கு எழுதுங்கள். மாணவர் மலையிலேயே தங்கி, மலை நிலத்திலேயே விதைத்து, மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு செய்கிற இடமாக அது இருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்ல சமையலறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் நாத்தனார் மதுரையில் இருக்கிறார். இங்கிருந்து காய்ந்த பீன்ஸ் விதை கொண்டுபோனால் அவர் வீட்டு குக்கரில் நாலு விசிலில் வெந்துவிடும். இங்கே ஆறு விசில் வைத்தாலும் சில சமயம் நடுவில் கடிபடும். 300 மீட்டர் உயரம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது. குக்கர் வருவதற்கு முன்னால் என் அம்மா முதல்நாள் இரவே ஊறப்போட்டு, விடிகாலையில் அடுப்பில் ஏற்றி, மதியத்துக்கு இறக்குவார்.

இது வெறும் கேஸ் செலவு, விறகுச் செலவு விஷயம் இல்லை. காய்ந்த பீன்ஸ் விதையில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, சிவப்பு ராஜ்மாவில் அது கூடுதல். சரியாக வேகாமல் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு. நன்றாகக் கொதித்தால் அழிந்துபோகும், மந்தமான சூட்டில் வெறுமனே நேரம் கடத்தினால் அழியாது. அப்படியானால் 93 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில் எந்த வகை எவ்வளவு நேரத்தில் பாதுகாப்பாக வேகிறது? ஒரு வருடம் மூட்டையில் கிடந்த விதை ஏன் கல்லாகிவிடுகிறது? பாட்டிகள் 'இது சீக்கிரம் வேகும்' என்று தனியாக எடுத்துவைக்கிற விதையில் என்ன வேறுபாடு? அமெரிக்காவில் மிச்சிகனில் சீக்கிரம் வேகும் பீன்ஸுக்காகவே மரபியல் ஆராய்ச்சி பல வருடங்களாக நடக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ நூறு டிகிரியில்தான் கொதிக்கிறது. எங்கள் அடுப்பில் இந்தக் கேள்வியின் வீரியமே வேறு. ஒரு முனைவர் பட்டத்துக்கு இது போதாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, பயிருக்கு வருகிறேன்.

புரதப் பயிர்களைப் பற்றி உலகத்தில் வருகிற முனைவர் பட்ட அறிவிப்புகளைக் கொஞ்ச காலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு வேறென்ன வேலை? அதிலும் ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருபவை பெரும்பாலும் பட்டாணி, மைசூர்ப் பருப்பு, அப்புறம் ஃபாபா பீன்ஸ், லூபின் என்ற குளிர்நாட்டுப் பயறுகள் பற்றியவை. சோயாவை இறக்குமதி செய்வதைக் குறைத்து, உள்ளூரிலேயே குளிர் தாங்கும் பயறுகளை விளைவித்து, அதில் மாவும் பாலும் இறைச்சிக்கு மாற்றும் செய்யலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டு வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பட்டாணியும் பீன்ஸும் சமவெளி வெயிலில் பூவை உதிர்த்துவிடும். நன்றாக விளைவது நீலகிரி, பழனி மலை போன்ற குளிர்ந்த இடங்களில்தான். நம் மாநிலத்துப் பயறு ஆராய்ச்சியோ உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு பக்கம்தான் நிற்கிறது. புதுக்கோட்டை வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் கொடுத்த உளுந்து ரகங்கள் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அதைக் குறை சொல்லவில்லை, இட்லிக்கு உளுந்து வேண்டாமா! 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த ஆறு வருடப் பருப்புத் தற்சார்புத் திட்டத்திலும் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றுக்குத்தான் முதலிடம். இந்த மூன்றுமே எங்கள் மலைப் பயிர் இல்லை. தோட்டக்கலைக்காரர்களுக்கு பீன்ஸ் ஒரு காய்கறி, பயறுக்காரர்களுக்கு அது பயறே இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பச்சைக் காயாகப் போகிற வரைதான் அதற்கு மதிப்பு. அதே செடியில் முற்றவிட்டுக் காய வைத்தால் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

மொச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மொச்சைக் குழம்பு இல்லாத தைப்பொங்கல் எங்கள் பக்கம் கிடையாது. அந்த மொச்சையின் முழு மரபணுத்தொகுதியை நல்ல தரத்தில் படித்து 2023-ல் வெளியிட்ட குழுவில் முன்னின்றவர்கள் கென்யாவில் நைரோபியில் வேலை செய்கிற ஆப்பிரிக்க விஞ்ஞானிகள். அவர்களுக்கும் அது சொந்தப் பயிர்தான், மனதாரப் பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இந்த மலைகள் அறிவியலுக்குப் புதியவை அல்ல. ஆக்ராவில் இருந்த தாவர நோயியல் விஞ்ஞானி கே.சி.மேத்தா 1930-களில் ஒரு புதிரை அவிழ்த்தார். வட இந்தியச் சமவெளியில் கோடை வெயிலில் கோதுமைத் துரு நோய் முற்றிலும் செத்துப்போகிறது, அப்புறம் அடுத்த பருவத்தில் எங்கிருந்து வருகிறது? மலைகளிலிருந்து என்று காட்டினார் அவர். தெற்கே நீலகிரியிலும் பழனி மலையிலும் வருடம் முழுக்கக் குளிர் இருப்பதால் துரு பூசணம் இங்கே பிழைத்திருந்து காற்றில் வித்துகளாக ஏறிப்போகிறது. இந்தியக் கோதுமையின் நோய்க்குத் தாய்வீடு எங்கள் கொல்லைப்புறம்! அந்தப் பெருமையை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. துரு இங்கே எப்போதும் இருக்கிறது என்பதாலேயே நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் வந்தது. நோய் தாங்கும் கோதுமையைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

உருளைக்கிழங்கும் அப்படித்தான். 1961-ல் ஊட்டிக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அங்கே முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அதோடு மல்லுக்கட்டியது. நூற்புழுவைத் தாங்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' 1985-ல் வெளிவந்தது. கீழ்மலையில் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, நோயில்லாத திசுவளர்ப்புக் கன்று வந்த பிறகு தோட்டங்கள் திரும்ப எழுந்ததை என் புகுந்த வீட்டிலேயே பார்த்தேன். ஊட்டியிலிருந்து வந்த பூண்டு ரகத்தையும் பட்டாணி ரகத்தையும் நாங்கள் போட்டிருக்கிறோம். ஆராய்ச்சி மலைக்கு ஏறிவந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கிறோம்.

இனி ஒரு வருத்தமான கதை. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன், நிறுவனத்தையும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் படித்த பெண். அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைந்த படிநிலம். பன்னிரண்டாம் வகுப்பில் நான் மெண்டலைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது, கரும்பலகையில் உருண்டை விதையும் சுருங்கிய விதையும் வரைந்துகொண்டிருந்த என்னிடம், "டீச்சர், எதுக்கு வரைஞ்சிக்கிட்டு?" என்று பையிலிருந்து ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்து மேஜையில் கொட்டியவள். அன்றைக்குப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்தது. (மெண்டல் பார்த்த ஏழு பண்புகளில் கடைசி மூன்றுக்கான மரபணுக்களை 2025-ல்தான் அடையாளம் கண்டு முடித்தார்கள். 160 வருடம்! இதை அவளிடம் போனில் சொன்னபோது சிரித்தாள்.)

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதி மட்டும் பெற்றாள். 2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருவது உங்களுக்குத் தெரியும். முதல் வகைக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை உண்டு, மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. மற்ற இரண்டு வகைக்கும் சேர்க்கை உண்டு, காசு கிடையாது. மதிப்பெண்ணும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அந்த ஒரு வருடத்துக்குள் நெறியாளரைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சமவெளியில் ஒரு இடத்தில் சேர்ந்தாள். மேல்மலை பீன்ஸ் வகைகள்தான் தலைப்பு. போகும்போது ஊர் ஊராக அலைந்து பதினோரு வகை விதை சேகரித்துக்கொண்டு போனாள். கொடி பீன்ஸில் கறுப்பு விதை, காப்பிக்கொட்டை நிறம், வெள்ளையில் சிவப்புக் கண் வைத்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பாட்டியின் தகர டப்பாவிலிருந்து வந்தது. பீன்ஸ் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் செடி என்பதால் ஒவ்வொரு டப்பாவும் ஏறத்தாழ ஒரு தனி வம்சம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பயிர்தான் இது, நம் பாட்டன் முப்பாட்டன் பயிர் இல்லை. ஆனாலும் இத்தனை தலைமுறை இந்தக் குளிரிலும் இந்த மூடுபனியிலும் விதை எடுத்து விதை போட்டால் அது இங்கத்திய வகை ஆகிவிடாதா?

அங்கே அது வளரவில்லை. மார்ச் மாதத்தில் தொட்டியில் போட்டால் எப்படி வளரும்? பூ வந்தது, உதிர்ந்தது. பசுமைக்குடில் வேறொருவர் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மலைக்கு வந்து விதைக்கப் பயணப்படி கிடையாது. "மூன்று நாள் போய் மாதிரி எடுத்து வா" என்றார்கள். மூன்று நாளில் பீன்ஸ் முளைக்கக்கூடச் செய்யாது. முதல் வருடத்துக்குள்ளேயே தலைப்பை மாற்றச் சொன்னார்கள், ஆய்வகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த உளுந்துக்கு. அதற்கும் சரி என்றாள். விடுதிக் கட்டணத்துக்காகச் சனி ஞாயிறு டியூஷன் எடுத்தாள். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது விட்டுவிட்டு வந்துவிட்டாள். வருவதற்கு முன் விதைகளைத் திருப்பிக் கேட்டாள். குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது உறைகளில் எழுதியிருந்தது அழிந்துவிட்டதாம். ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாம் கலந்து கொடுத்தார்கள். நிறம் பார்த்துச் சிலதைப் பிரித்துவிட்டோம், எல்லாவற்றையும் முடியவில்லை. அந்தச் சிவப்புக் கண் விதையைக் கொடுத்த பாட்டி இப்போது இல்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை இந்தக் கதையில். அவள் நெறியாளர்கூட நல்ல மனிதர், கைக்காசு போட்டு ரசாயனம் வாங்கித் தந்திருக்கிறார். ஆனால் அந்தத் திட்டம் மலையை நினைத்து எழுதப்படவே இல்லை.

வெளிநாட்டு அறிவிப்புகளையும் அவளுக்காகத் தேடிப் பார்த்தோம். நமக்குத் தெரியாமல் போகிற உலகம் அது. அங்கே பல இடங்களில் முனைவர் பட்டம் என்பது ஒரு வேலை. விளம்பரம் வரும், சம்பளமும் ஒப்பந்தமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்பு என்றால், எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே முனைவர் பட்டம் இருக்கக் கூடாது, வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டே எடுக்காத மேல்மலைப் பிள்ளைக்கு இரண்டாவது நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது! நெதர்லாந்தில் வாகனிங்கன், இங்கிலாந்தில் நார்விச்சில் ஜான் இன்னஸ் மையம், கனடாவில் சஸ்காட்சுவான், ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று பயறு ஆராய்ச்சிக்குப் பேர்போன இடங்கள் இருக்கின்றன. இவற்றை ஒரு கல்லூரி அறிவிப்புப் பலகையில்கூட அவள் பார்த்ததில்லை. நான் கண்டுபிடித்துச் சொன்ன முதல் அறிவிப்புக்குக் கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அடுத்ததற்கு விண்ணப்பக் கடிதம் எழுதினாள். எனக்குக் காட்டினாள். "நான் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவள், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்..." என்று ஒரு பக்கம். "உனக்கு பீன்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று எழுது" என்றேன். எழுதினாள். துரு நோய் எந்த மூலைப் பாத்தியில் முதலில் வரும், மூடுபனி மூன்று நாள் நின்றால் எந்தக் கொடி தாங்கும், எந்த விதை எத்தனை வருடம் முளைப்புத்திறன் வைத்திருக்கும் என்று நாலு பக்கம். அப்புறம் மறுநாள் அதையெல்லாம் அடித்துவிட்டாள். "களையெடுத்ததையெல்லாம் போய் எழுதினா மதிப்பாங்களா டீச்சர்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பதிலை அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆய்வு மாணவரைத் தேர்வு செய்கிற நேர்காணலில் 'உனக்கு எந்தக் கருவி இயக்கத் தெரியும்' என்று கேட்கிறீர்கள். 'உன் வீட்டில் என்ன பயிர்' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நேர்காணல் வரைக்கும் போனது. வீடியோ அழைப்பு. அன்றைக்குப் பார்த்து ஐப்பசி மழை, டவர் இல்லை. பாதி வழியில் அறுந்துபோயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

மலையில் ஒரு ஆய்வு மாணவர் உட்கார்ந்தால் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நீங்கள் அறிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியப்போவதில்லை. ஆனால் மண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், அது ரொம்ப நாளாக மனதில் இருப்பது.

எங்கள் மண் புளிப்பு மண், மழை கழுவிக் கழுவி அமிலமானது. பூண்டுக்கு மேல் பூண்டு, நடுவில் உருளை, மறுபடி பூண்டு. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வடுகபட்டிச் சந்தையில் அதற்கு இருக்கும் மவுசில், வேறு எதையும் போட யாருக்கும் மனம் வருவதில்லை. கோழி எருவும் யூரியாவும் லாரி லாரியாக ஏறி வருகின்றன. நடுவில் ஒரு பருவம் பயறு போட்டால் தழைச்சத்து மண்ணில் சேரும் என்று பாடப்புத்தகத்தில் நானே ஆயிரம் முறை நடத்தியிருக்கிறேன். ஆனால் அண்ணன் தோட்டத்து பீன்ஸ் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தழைச்சத்தைப் பிடிக்கிற வேர்முடிச்சு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். சிலதை நறுக்கிப் பார்த்தால் உள்ளே அந்த இளஞ்சிவப்பு இல்லை. வேலை செய்யாத முடிச்சு.

ஏன்? பயறுகளிலேயே பீன்ஸ் தழைச்சத்தைப் பிடிப்பதில் கொஞ்சம் சோம்பேறி என்பது ஒன்று. ஃபாபா பீன்ஸ் இதில் கெட்டிக்காரி. அந்த முடிச்சுக்குள் வாழ்கிற ரைசோபியம் என்ற நுண்ணுயிர் புளிப்பு மண்ணில் பிழைப்பது கஷ்டம் என்பது இன்னொன்று. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிற நொதிக்கு மாலிப்டினம் வேண்டும், புளிப்பு மண் அதைப் பூட்டிவைத்துவிடும். உளுந்துக்கு ஏற்ற நுண்ணுயிர் வேறு, பீன்ஸுக்கு ஏற்றது வேறு. கீழேயிருந்து ஒரு பாக்கெட் வாங்கிவந்து தூவினால் ஆகாது. இந்த மண்ணிலேயே பிழைத்துப் பழகிய நுண்ணுயிர் எங்காவது ஒரு பழைய தோட்டத்து மூலையில் இருக்கத்தானே செய்யும்? காட்டு ஓரத்தில் தானாக முளைக்கிற பயறுக் குடும்பச் செடிகளின் வேரில் இருக்காதா? அதைத் தேடிப் பிரித்து, எங்கள் பீன்ஸோடு பொருத்திப் பார்த்து, பூண்டுக்கு முந்தைய பருவத்தில் போட்டால் எரு எவ்வளவு மிச்சம் என்று மூன்று வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். மலையில் இருக்கிறவரால்தான் முடியும். மூன்று நாள் பயணப்படியில் நடக்காது.

ஃபாபா பீன்ஸைச் சொன்னதால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். அதில் விசின், கான்விசின் என்று இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ளவர்கள் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். மலேரியா தலைமுறை தலைமுறையாக இருந்த பகுதிகளின் மக்களிடம் அந்தக் குறைபாடு அதிகம் காணப்படுகிறது. விசின் உண்டாவதற்குக் காரணமான மரபணுவை 2021-ல் கண்டுபிடித்தார்கள். மனிதனுடையதைப்போல் நாலு மடங்கு பெரிய அதன் மரபணுத்தொகுதியையும் 2023-ல் படித்துவிட்டார்கள். எனவே நஞ்சு குறைந்த வகையாகப் பார்த்துக் கொண்டுவரலாம். ஆனால் 'குளிரில் விளையும், புரதம் அதிகம்' என்று யாராவது உற்சாகத்தில் விதையை அப்படியே இந்த மலையின் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் விநியோகித்துவிட்டுப் போய்விடக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்கவும் இங்கே ஆள் வேண்டும்.

காட்டைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் மடல் நீண்டுவிட்டது. திருச்சியிலிருந்து வந்து வருடக்கணக்கில் இந்த மலையின் செடிகளைச் சேகரித்து 1999-ல் தொகுத்து வெளியிட்ட பாதிரியார் கே.எம்.மாத்யூவின் உழைப்பு இருக்கிறது. பயறுக் குடும்பச் செடிகளை அதில் தேடி எடுத்தாலே பட்டியல் கிடைத்துவிடும். பூனைக்காலி விதையைப் பலமுறை தண்ணீர் மாற்றி வேகவைத்துத் தின்கிற அறிவு பழங்குடி வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளையே அதை ஆராய்ந்தால் என்ன? பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசு வருடத்துக்கு 750 ஆய்வு உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க முதலில் யாராவது ஒரு நெறியாளர் "வா" என்று சொல்ல வேண்டும்.

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் தெரியாமல் இல்லை. ஆய்வகம் கீழே இருக்கிறது, கருவி கீழே இருக்கிறது, ஜெனோம் வரிசைப்படுத்தல் எல்லாம் அங்கேதான். இருக்கட்டும். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றினால் மாலைக்குள் இறங்கிவிடும், எங்கள் கேரட் தினமும் அப்படித்தான் போகிறது. கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பயறுத் தீவனம் என்றால் அவர்களுக்கும் ஆர்வம் இருக்கக்கூடும். கொடைக்கானலிலேயே பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு நெறியாளர் கீழே, ஒரு இணை நெறியாளர் மேலே என்று பதிவு செய்ய விதி தடுக்கவில்லை. காட்டுமாடு இறங்கி நாசம் செய்யும் என்பது உண்மைதான், வேலிக்கும் திட்டத்தில் கொஞ்சம் பணம் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சில்லறை வேண்டுகோள். அறிவிப்பைத் தமிழிலும் நாலு வரி எழுதி, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், மலையடிவாரக் கல்லூரிகளுக்கு அனுப்புங்கள். அப்புறம், விதை வாங்கிக்கொண்டு போனால் யார் வீட்டு விதை, எந்த ஊர், என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி, ஒரு பங்கை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி ரகத்தை விவசாயி பெயரிலேயே பதிவு செய்யலாம். அந்தப் படிவத்தை நிரப்ப உதவுவதையும் ஆய்வு மாணவரின் வேலையில் சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பெண் இப்போது அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கலந்துபோன விதைகளைத் தனித்தனி வரிசையில் போட்டு, பூ நிறத்தையும் காயையும் பார்த்து, ஏழு வகையை மறுபடி பிரித்து எடுத்துவிட்டாள். நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். முதல் பூ என்று, துரு என்று, நூறு விதை எடை எவ்வளவு, எத்தனை விசிலில் வெந்தது, எல்லாம். விதைகள் சாம்பலில் கலந்து என் வீட்டுப் பரண்மேல் ஏழு தகர டப்பாக்களில் இருக்கின்றன. இந்த முறை பெயரைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம்.

அடுத்த விதைப்பு சித்திரை மழைக்கு. அதற்கு முன்னால் யாராவது வந்து பார்ப்பதானால் நல்லது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி பீன்ஸ் டீச்சர் வீடு என்று கேட்டால் போதும். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், சாயங்காலத்துக்கு மேல் குளிரும்.

இப்படிக்கு,
மேல்மலையிலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு தாவரவியல் ஆசிரியை